பழைய ராணுவ ஸ்லீப்பிங் பேக்: வாங்கும்முன் லேபிளைப் படிப்பது எப்படி

என்னுடைய முதல் பழைய ராணுவ ஸ்லீப்பிங் பேக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். மேலே ஒரு அட்டை, அதில் "கொரியப் போர்" என்று பெரிதாக எழுதியிருந்தது, விற்றவர் தன் பங்குக்கு உறைந்த ஏரி, பனிப்புயல் என்று கால் மணி நேரம் கதை சொன்னார், நானும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வந்து விரித்து, கால்பக்க மடிப்புக்குள் இருந்த லேபிளைப் பார்த்தால் டி.எஸ்.ஏ. 100-68 என்று தொடங்கும் ஒரு ஒப்பந்த எண், அதாவது ராணுவம் பை தைக்கக் கொடுத்த ஆர்டரின் எண். அதில் 68 என்பது 1968. கொரியாவில் சண்டை நின்றது 1953இல். இந்தப் பை அதற்குப் பதினைந்து வருஷம் கழித்துத் தைக்கப்பட்டது. பை நல்ல பைதான், அதில் குறை ஒன்றும் இல்லை. காசு கொடுத்தது கதைக்கு.

அதனால்தான் புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். உலகத்தில் எத்தனையோ ராணுவங்கள், எத்தனையோ பைகள். சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும், எனக்குக் கைப்பழக்கம் உள்ளதும் அமெரிக்க ராணுவச் சரக்கு. அதையே நடுவில் வைத்துப் பேசுகிறேன், மற்ற நாடுகளை வழியில் தொட்டுக்கொள்வோம்.

முதலில் செய்யவேண்டியது: லேபிளைத் தேடுங்கள்

நிறம், ஜிப், வாசனை எல்லாம் பிறகு. பையை முழுக்க விரித்து உள்பக்கம், கால்பக்கம், தலைப்பக்க மடிப்பு, ஜிப்பின் ஓரம் என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பாருங்கள். சிலவற்றில் வெள்ளைத் துணியில் அச்சடித்துத் தைத்த லேபிள் இருக்கும், சிலவற்றில் துணியின் மேலேயே மையால் முத்திரை குத்தியிருப்பார்கள். மை மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை என்றால் உடனே கைவிடவேண்டாம். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் துணியோடு ஒட்டி ஒருபக்கமாகச் சாய்த்து அடித்து, கைபேசியில் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டை ஏற்றுங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத எண்கள் பாதிக்குமேல் அதில் எழும்பி வந்துவிடும். லேபிளைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது, மிச்சம் இருக்கிற மையும் போய்விடும்.

இன்னொன்று, இதைத்தான் புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள்: உள்ளே இருக்கும் பை ஒன்று, அதை மூடும் தண்ணீர் ஒட்டாத உறை வேறொன்று. இரண்டும் தனித்தனிப் பொருள், தனித்தனி ஒப்பந்தம், தனித்தனி லேபிள். பை கிழிந்தால் பையை மாற்றுவார்கள், உறை கிழிந்தால் உறையை மாற்றுவார்கள், துவைத்துத் திரும்பி வந்தால் கையில் கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்த்துச் சுருட்டுவார்கள். அதனால் 1945 உறைக்குள் 1951 பை இருப்பது ஏமாற்று வேலை அல்ல, ராணுவக் கிடங்கின் வாழ்க்கை அது. ஆனால் விற்கிறவர் பழைய தேதி உள்ள லேபிளை மட்டும் படம் எடுத்துக் காட்டுவார். இரண்டு லேபிளையும் கேளுங்கள்.

லேபிளில் என்ன படிப்பது

முதல் வரி பொருளின் பெயர். பழைய அமெரிக்க லேபிள்களில் பெயர் தலைகீழாக இருக்கும்: "பேக், ஸ்லீப்பிங், மவுண்டன், எம்-1949" என்று பொருள் முதலில், தன்மை பிறகு, நடுவில் காற்புள்ளிகள். கிடங்குப் பேரேட்டில் தேடுவதற்காக அப்படி எழுதும் பழக்கம். கேம்பிங் கடைப் பைகளில் இப்படி எழுத மாட்டார்கள்.

சரி, அந்த எம்-1949 என்பதில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். அது மாடலின் பெயர், தைத்த வருஷம் அல்ல. அந்த மாடல் பைகள் 1950களிலும் 1960களிலும் தொடர்ந்து தைக்கப்பட்டன. நம் ஊரில் ஒரு கார் மாடல் இருபது வருஷம் ஓடியது மாதிரிதான், பெயரை வைத்து வண்டி எந்த வருஷம் வெளியே வந்தது என்று சொல்ல முடியுமா?

அடுத்த பொறி, ஸ்பெசிஃபிகேஷன் தேதி. இரண்டாம் உலகப்போர்க் கால லேபிள்களில் "பி.க்யூ.டி. எண் இத்தனை, இந்தத் தேதி" என்று ஒரு வரி வரும். பி.க்யூ.டி. என்பது ஃபிலடெல்ஃபியா குவார்ட்டர்மாஸ்டர் டிப்போ, ராணுவத் தளவாடக் கிடங்கு. அந்தத் தேதி, பொருளை எப்படித் தைக்கவேண்டும் என்ற விதிமுறைத் தாள் வெளியான தேதி. ஒப்பந்தம் அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போடப்பட்டிருக்கலாம். தைத்த காலத்தைச் சொல்வது ஒப்பந்த எண் மட்டுமே.

ஒப்பந்த எண்ணை இப்படிப் பிரித்துப் பாருங்கள். டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்கி நடுவில் க்யூ.எம். வந்தால் இரண்டாம் உலகப்போர்க் காலம். டி.ஏ. என்று தொடங்கி நடுவில் க்யூ.எம். வந்தால் 1950களிலிருந்து 1960களின் தொடக்கம் வரை, அந்த எண்ணின் கடைசியில் தனியாக நிற்கும் இரண்டு இலக்கம் பெரும்பாலும் வருஷம். டி.எஸ்.ஏ. என்றால் 1961இல் தொடங்கிய டிஃபென்ஸ் சப்ளை ஏஜென்சி, ராணுவத்துக்குச் சரக்கு வாங்கும் அரசு நிறுவனம். இதில் 100க்கு அடுத்து வரும் இரண்டு இலக்கம் நிதியாண்டு. டி.எஸ்.ஏ. 100-67 என்றால் 1967 நிதியாண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்தது, ஆகவே அது 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை (1976க்குப் பிறகு அக்டோபரில் தொடங்குவதாக மாற்றிவிட்டார்கள்). 1977 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் பெயர் டிஃபென்ஸ் லாஜிஸ்டிக்ஸ் ஏஜென்சி என்று மாறியது, லேபிளிலும் டி.எல்.ஏ. என்று மாறியது. அதே இடத்தில் எஸ்.பி.ஓ. என்று பார்த்தால் 1990களின் நடுவுக்கு வந்துவிட்டோம்.

ஒப்பந்த எண் அழிந்துபோய் இருப்பு எண் மட்டும் மிஞ்சியிருந்தால் அதுவும் உதவும். உலகப்போர்க் காலத்து எண்ணில் நடுவில் ஒரு ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும், எண்-எழுத்து-எண் என்ற அமைப்பு. 1950களில் வந்த எஃப்.எஸ்.என். (ஃபெடரல் ஸ்டாக் நம்பர்) முழுக்க இலக்கம், மொத்தம் 11. 1974இல் அது 13 இலக்க என்.எஸ்.என். (நேஷனல் ஸ்டாக் நம்பர்) ஆனது: 8465 என்ற வகை எண்ணுக்குப் பிறகு 00 அல்லது 01 என்று இரண்டு இலக்கம் கூடுதலாக நுழைந்தது. 8465 என்பது தனிநபர் உபகரணங்களின் வகை. ஆக, 13 இலக்கம் உள்ள பையை "வியட்நாமில் டெட் தாக்குதல் சமயத்தில் இருந்தது" என்று ஒருவர் விற்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம், அந்தத் தாக்குதல் 1968இல் நடந்தது.

அந்த நடு இரண்டு இலக்கம் இன்னொரு வேலையும் செய்யும், நாட்டைச் சொல்லும். 00, 01 அமெரிக்கா. 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 21 கனடா, 66 ஆஸ்திரேலியா, 99 பிரிட்டன். எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று திணற வேண்டியதில்லை.

பைகள், ஒவ்வொன்றாக

கம்பளிப் பை. 1944இல் வந்தது. பார்க்க ஒரு பழுப்புப் பச்சைக் கம்பளியை எகிப்திய மம்மி வடிவில் வெட்டி ஜிப் வைத்த மாதிரி இருக்கும், உண்மையில் அதுதான் அது. இறகு இல்லை, பஞ்சு இல்லை. பலர் இதை வேறு ஏதோ ஒரு பைக்கான உள் அடுக்கு என்று நினைத்து மலிவாகத் தள்ளிவிடுவார்கள், அப்படிக் கிடைத்தால் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இது ஏன் வந்தது என்று தெரிந்தால் பொருளின் மேல் மதிப்பு வரும். 1943 மே மாதம் அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளில் ஒன்றான ஆட்டுவில் இறங்கிய அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 1,200 பேர் குளிரால் பாதிக்கப்பட்டார்கள், குண்டடி பட்டவர்கள் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதே அளவு. இத்தாலியில் 1943-44 குளிர்காலத்திலும் பாதம் அழுகிப் படுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். போர்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பது போதாது என்று புரிந்தது, ஆனால் எல்லோருக்கும் இறகுப் பை கொடுக்க இறகு இல்லை. வாத்து இறகையும் தூவியையும் போர்த் தேவைக்கென்றே அரசு ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அதனால் சாதாரணக் காலாட்படைக்குக் கம்பளி.

மலைப் பை, ஆர்க்டிக் பை. இவை இறகுப் பைகள். மலைப் பை மெல்லியது, ஆர்க்டிக் அதைவிடத் தடிமன், உலகப்போரிலேயே இரண்டும் இருந்தன. பிறகு எம்-1949 என்ற பெயரிலும் இரண்டும் வந்தன, இதில் மலைப் பைதான் சந்தையில் திரும்பின பக்கமெல்லாம் கிடைக்கும். மம்மி வடிவம், ஆலிவ் பச்சைப் பருத்தித் துணி, முகம் மட்டும் தெரியும்படி தலைமூடி, ரெகுலர், லார்ஜ் என்று அளவு. உள்ளே வாத்து இறகும் தூவியும் கலவை. தூவி என்றால் இறகுக்கு அடியில் பஞ்சு மாதிரி இருக்குமே, தண்டு இல்லாதது, அது. துணியைக் கிள்ளித் தேய்த்தால் சின்னச் சின்னத் தண்டு முனை விரலில் குத்தும், அப்படிக் குத்தினால் இறகு நிறைய, குத்தாமல் மெத்தென்று நழுவினால் தூவி நிறைய.

கொரியாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950 நவம்பர் கடைசியில் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடந்த சண்டையில் வெப்பநிலை மைனஸ் 30 செல்சியஸையும் தாண்டி இறங்கியது. இரவுத் தாக்குதலில் பைக்குள் ஜிப்பை இழுத்து மூடித் தூங்கியவர்கள் வெளியே வர முடியாமல் அப்படியே குத்திக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பல பிரிவுகளில் முன்னணியில் இருப்பவர்கள் ஜிப்பை மூடக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உயிரைக் காக்கத் தைத்த பொருளே கழுத்தில் கயிறாகிவிட்டது. சந்தையில் அந்தப் பெயரை அட்டையில் எழுதி விலையை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவது இதனால்தான்.

போன்சோ லைனர். வியட்நாம் காலத்து வெப்பத்தில் இறகுப் பையை யார் சுமப்பார்கள்? மெல்லிய நைலானுக்குள் பாலியஸ்டர் பஞ்சு வைத்து அலை அலையாகத் தைத்த போர்வை, ஓரங்களில் மழைப் போன்சோவோடு கட்டிக்கொள்ள நாடாக்கள். 1960களில் வந்தது, இன்றும் ஓடுகிறது, அமெரிக்கப் படைவீரர்கள் "வூபி" என்று செல்லமாகச் சொல்வார்கள். இதில் லேபிள் இல்லாவிட்டால் தேதி சொல்வது கடினம், நான் முயற்சியே செய்வதில்லை.

1980களின் இடைநிலைக் குளிர்ப் பை, கடுங்குளிர்ப் பை. லேபிளிலேயே டைப் 1, டைப் 2 என்று வரும். இவற்றில் இறகோடு பாலியஸ்டர் பஞ்சும் சேர்ந்துவிட்டது, தூக்கிப் பார்த்தாலே எம்-1949ஐவிடக் கனம், சுருட்டினால் தலையணை மூட்டை மாதிரி. சேகரிக்கிறவர்கள் அதிகம் மதிப்பதில்லை. மதிக்கத் தொடங்கும்முன் வாங்கிப் போடலாம் என்பது என் கணக்கு, தப்பாகவும் இருக்கலாம்.

மாடுலர் ஸ்லீப் சிஸ்டம், 1990கள். பச்சைப் பை ஒன்று, கறுப்புப் பை ஒன்று, உட்லேண்ட் கேமஃப்ளாஜ் நிறத்தில் கோர்டெக்ஸ் என்கிற தண்ணீர் புகாத துணியில் உறை, எல்லாவற்றையும் நசுக்கி அடைக்கும் ஒரு மூட்டைப் பை. ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து பிரஸ் பட்டனால் மாட்டிக்கொள்வது. மூன்றும் சேர்ந்தால் மைனஸ் 30 பாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட மைனஸ் 34 செல்சியஸ் வரை தாங்கும் என்பது ராணுவத்தின் கணக்கு. இதையும் இப்போது "விண்டேஜ்" என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள், நமக்கும் வயதாகிறது. இதில் கடைக்காகத் தைத்த நகல்கள் உண்டு, லேபிளில் ஒப்பந்த எண்ணும் 13 இலக்கமும் இல்லாவிட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மற்ற நாட்டுப் பைகளில் இரண்டு மட்டும் சொல்கிறேன். பையில் கைகள் இருக்கிறதா, சட்டை மாதிரி? அப்படியானால் ஜெர்மன் ராணுவத்துடையது, 12 என்ற எண்ணைத் தேடி உறுதி செய்துகொள்ளுங்கள். அடிப்பக்கம் ரப்பர் பூசிய துணி, மேலே இறகு, பச்சை நிறம், எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு கனம் என்றால் பிரிட்டனின் 58 பேட்டர்ன். பிரிட்டிஷ் சரக்கில் மூன்று கோட்டு அம்புக்குறி இருக்கும். அதே அம்பு ஆங்கில சி எழுத்துக்குள் இருந்தால் கனடா. மூன்று கிரீடம் என்றால் சுவீடன்.

லேபிள் சுத்தமாக இல்லை, என்ன செய்வது?

அப்போதுதான் துணி, ஜிப், நூல் என்று போகவேண்டும், போகும்போதே "சுமாராகத்தான் சொல்ல முடியும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டு போகவேண்டும்.

நிறம்: உலகப்போரின் முதல் பாதியில் அமெரிக்கச் சரக்கு காக்கி கலந்த வெளிர் பச்சை, அவர்கள் கணக்கில் ஆலிவ் டிராப் 3. 1943க்குப் பிறகு அடர்ந்த ஆலிவ் டிராப் 7 வரத் தொடங்கியது. ஆனால் வெயிலில் கிடந்த 7, பார்க்க 3 மாதிரியே ஆகிவிடும். மடிப்புக்குள், ஜிப்பின் அடியில், வெயில் படாத இடத்தில் பார்த்துத்தான் முடிவு சொல்லவேண்டும்.

ஜிப்: டேலன், கிரவுன், கான்மார் என்று இழுப்பானில் பெயர் பொறித்த உலோக ஜிப் பழைய காலத்தைக் காட்டும், ஆனால் அந்தக் கம்பெனிகள் போருக்குப் பிறகும் ஜிப் செய்தார்கள் என்பதை மறக்காதீர்கள். பிளாஸ்டிக் பல் அல்லது நைலான் சுருள் ஜிப் என்றால் அது உலகப்போர்க் காலத்துச் சரக்கு அல்ல, அல்லது யாரோ பின்னால் ஜிப் மாற்றியிருக்கிறார்கள். ஜிப்பைச் சுற்றி இரண்டு வரிசைத் தையல் ஓட்டை தெரிந்தால் மாற்றியதுதான்.

உள்ளே இருப்பது: ஏற்கெனவே கிழிந்த இடம் இருந்தால் மட்டும் பாருங்கள், புதிதாகக் கிழிக்காதீர்கள். பட்டு மாதிரி வழுக்கும் மஞ்சள் வெள்ளைப் பஞ்சு வந்தால் அது வேறொன்றும் இல்லை, நம் இலவம்பஞ்சு. பழைய சிவிலியன் கேம்பிங் பைகளில் அது சகஜம், செவ்வக வடிவம், உள்ளே கட்டம்போட்ட ஃபிளானல் துணி என்று இருக்கும். அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது, 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. ஆகவே இலவம்பஞ்சுப் பையை "இரண்டாம் உலகப்போர் ராணுவப் பை" என்று யாராவது நீட்டினால் கிளி கதைதான் ஞாபகம் வரவேண்டும்.

நூல்: ஓரத்தில் தொங்கும் ஒரு இழையை மட்டும் வெட்டி எடுத்து, பையைவிட்டுத் தள்ளிப் போய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் நாற்றம் என்றால் கம்பளி, காகிதம் எரிகிற வாசனை என்றால் பருத்தி, உருகி மணியாகச் சுருண்டால் நைலான் அல்லது பாலியஸ்டர். சிலர் கறுப்பு விளக்கு என்கிற புறஊதா டார்ச்சை அடித்து, நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் புதுசு என்று முடிவு கட்டிவிடுவார்கள். இன்றைய சோப்புத்தூளில் துவைத்தாலும் பழைய துணி அப்படித்தான் ஒளிரும். ஒளிராமல் இருந்தால் நல்ல அறிகுறி, ஒளிர்ந்தால் அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

கட்டிலில் போடாதீர்கள். முதலில் மொட்டை மாடியோ பால்கனியோ, இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். பூச்சி வராமல் இருக்க யார் எப்போது என்ன மருந்து போட்டார்கள் என்று தெரியாது, கையாண்ட பிறகு கையைக் கழுவுங்கள். கம்பளிப் பையில் சின்ன ஓட்டைகள் கூட்டமாக இருந்தால் அந்துப்பூச்சி, காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு வாரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் சண்டை வரும், ஐஸ்கிரீம் டப்பாவை முதலிலேயே காலி செய்துவிடுவது நல்லது.

இறகுப் பையை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழாதீர்கள். எழுபது வருஷப் பருத்தி, ஈர இறகின் கனத்தைத் தாங்காது, நடுவில் கிழிந்து மெஷின் முழுக்க வாத்தாகிவிடும், என் அனுபவத்தில் சொல்கிறேன். அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வைக்கும்போது இறுக்கிச் சுருட்டாமல் தளர்வாக மடித்தோ தொங்கவிட்டோ வையுங்கள், நசுங்கியே கிடந்த இறகு திரும்ப எழும்பாது.

கடைசியாக ஒரு சீட்டு எழுதி, குண்டூசி குத்தாமல், நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். என் பையின் சீட்டில் இப்படி இருக்கிறது: "மலைப் பை எம்-1949, ரெகுலர். பை: 1968 நிதியாண்டு ஒப்பந்தம். உறை: டி.ஏ. ஒப்பந்தம், கடைசி எண் மங்கல், 5 அல்லது 6. ஜிப் அசல். விற்றவர் சொன்னது: கொரியா. லேபிள் சொல்வது: இல்லை."